மூ உஸ் மணலின் மூச்சை அளப்பது

சூடு ஏற ஏற மண்ணிலிருந்து கரியமில வாயு கூடுதலாக வெளியேறும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. காட்டு மண்ணிலும் வயல் மண்ணிலும் பெரும்பாலும் அது சரியாகவே வரும். அதே கணக்கை ஜூலை மாதத்து மதியம் இரண்டு மணிக்கு, பத்து நாளாக மழை பார்க்காத ஒரு மணல்மேட்டில் போட்டுப் பாருங்கள், உதைக்கும். மேல்மணல் கால் வைக்க முடியாத சூட்டில் கிடக்கும். வாயு அளவியோ காலை ஒன்பது மணிக்குக் காட்டியதைவிடக் குறைவாகக் காட்டும். கருவி பழுதென்று திருப்புளியை எடுக்க வேண்டாம். மண்ணில் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு நல்ல உதாரணம் மூ உஸ். சீனாவின் வடமேற்கில் உள்மங்கோலியா, ஷான்ஷி, நிங்ஷியா மூன்றும் பங்குபோட்டுக்கொள்ளும் மணல்பரப்பு அது. அதன் தெற்கு ஓரத்தில், கடல்மட்டத்துக்குச் சுமார் 1,500 மீட்டர் மேலே, யான்ச்சி என்ற ஊர்ப்பக்கம் புதர்க்காடு இருக்கிறது. ஆண்டு மழை 300 மி.மீ.க்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி கோடையிலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும் வந்துபோய்விடும். அங்கே மணலைப் பிடித்துவைத்திருக்கும் முக்கியமான புதர் ஆர்ட்டெமிசியா ஒர்டோசிகா. நம் பூக்கடையில் கதம்பத்தில் வைத்துக் கட்டுகிற மரிக்கொழுந்தும் அதே ஆர்ட்டெமிசியா பேரினம்தான். பங்காளி என்று சொல்லலாம். நூலாகப் பிளந்த இலை, நிலத்தை ஒட்டிக் கிளைக்கும் தண்டு, புதருக்கும் புதருக்கும் இடையே வெறும் மணல் அல்லது பாசியும் பூஞ்சையும் படர்ந்த மெல்லிய மேலோடு. 

2012 ஜூன் முதல் அக்டோபர் வரை ஆய்வாளர்கள் இந்தப் புதர்க்காட்டில் தானாகத் திறந்து மூடும் சேம்பர்களை, அதாவது மண்ணின்மேல் கவிழ்க்கும் அளவுப் பெட்டிகளை, வைத்து மண் சுவாசத்தை, அதாவது மண்ணிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவை, தொடர்ச்சியாக அளந்தார்கள். கிடைத்த மூன்று எண்கள் பாலையைப் பற்றிப் பேசும் எவருக்கும் உதவும். ஒன்று, மண்ணின் கன அளவு ஈரம் (மண்ணின் மொத்தக் கன அளவில் தண்ணீரின் பங்கு) 0.08க்கு மேல் இருக்கும் நாட்களில்தான் சுவாசம் வெப்பநிலையைத் தொடர்ந்து ஏறி இறங்கியது. அதற்குக் கீழே போனதும் இரண்டுக்கும் தொடர்பு அறுந்துவிட்டது. இரண்டு, வெப்பநிலை 10 பாகை கூடும்போது சுவாசம் எத்தனை மடங்காகிறது என்று சொல்லும் க்யூ-10 எண், 1.5. மூன்று, ஒரு நாளுக்குள் பார்த்தால் 10 செ.மீ. ஆழத்து மண் வெப்பநிலை, சுவாசத்துக்கு 3 முதல் 4 மணி நேரம் பின்தங்கியே உச்சத்தைத் தொட்டது. மண் காய்ந்திருந்தால் இந்தப் பின்னடைவு இன்னும் நீண்டது.

0.08 என்பது எவ்வளவு தண்ணீர்? மேல் 10 செ.மீ. மண்ணை மட்டும் எடுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 8 லிட்டர், அதாவது 8 மி.மீ. காய்ந்த மணலில் ஏற்கெனவே 3 மி.மீ. இருக்கிறது என்று வைத்தால், 5 மி.மீ. மழை எல்லையைத் தொட வைத்துவிடும். ஆனால் அந்த 5 மி.மீ.யும் மண்ணுக்குள் போகாது. புதரின் இலையும் குச்சியும் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது அப்படியே ஆவியாகும். தண்டு வழியாக ஒழுகுவது புதரின் அடியிலேயே இறங்கும். மிச்சமும் இரண்டு மூன்று வெயில் நாளில் மேலிருந்து உலர்ந்துவிடும். ஆகவே ‘இந்த மாதம் 20 மி.மீ. மழை’ என்ற தகவலை வைத்துக்கொண்டு பாலையில் எதையும் கணிக்க முடியாது. ஒரே மழையாக வந்த 20 வேறு, ஐந்து தூறலாக வந்த 20 வேறு.

க்யூ-10 விஷயத்திலும் சும்மா தலையாட்டிவிட்டுப் போகக் கூடாது. பல கணக்கு மாதிரிகளில் பழக்கதோஷமாக 2 என்று போட்டுவிடுவார்கள். மண் 15 பாகையிலிருந்து 35 பாகைக்குப் போனால், 2 என்ற எண் சுவாசத்தை 4 மடங்காக்கும், 1.5 என்றால் 2.25 மடங்குதான். ஈரம் போனபின் அதுவும் இல்லை. பூமி சூடாகும்போது பாலை மண் எவ்வளவு வாயுவைக் கக்கும் என்று 2ஐ வைத்துக் கணக்குப் போடுபவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். சூடு கூடினால் மண் சீக்கிரம் காயும், காய்ந்தால் சுவாசம் சுருங்கும்.

பின்னடைவுக்கு வருவோம். இதில் ஒரு பகுதி வெறும் வெப்ப இயற்பியல், மறு பகுதி உயிரின் வேலை. காய்ந்த மணலில் வெப்பம் மெதுவாகத்தான் இறங்கும்; அதன் வெப்பப் பரவுதிறன் விநாடிக்குச் சுமார் 0.24 சதுர மி.மீ. இதை வைத்துக் கணக்குப் போட்டால், மேற்பரப்பில் ஒரு மணிக்கு வந்த உச்சச் சூடு 10 செ.மீ. ஆழத்துக்கு வர ஏறத்தாழ 4.7 மணி நேரம் ஆகும். மேலே பகலுக்கும் இரவுக்கும் 40 பாகை வித்தியாசம் இருந்தால், அந்த ஆழத்தில் 12 பாகைதான் தெரியும். மணல் நனைந்து பரவுதிறன் 0.7 ஆனால் அதே பயணம் 2.8 மணி நேரத்தில் முடிந்துவிடும். மண்ணில் வெப்பமானி வைத்த ஆழத்தையும் அன்றைய ஈரத்தையும் சொல்லாமல் ‘பின்னடைவு இத்தனை மணி’ என்றால் பொருளே இல்லை. 2 செ.மீ.யில் ஒன்று, 5இல் ஒன்று, 10இல் ஒன்று என்று மூன்று வெப்பமானி வைப்பது பெரிய செலவல்ல.

மறு பகுதி செடியுடையது. காலையில் இலை தயாரிக்கும் சர்க்கரை தண்டு வழியாக வேருக்கு இறங்குகிறது. வேரும் வேரைச் சுற்றியிருக்கும் நுண்ணுயிர்களும் அதைத்தான் எரிக்கின்றன. மதியத்துக்குள் இலைத்துளைகள் தண்ணீரைக் காக்க மூடிக்கொள்ளும், சர்க்கரை வரத்து குறையும். மண் சூடாகிக்கொண்டே போனாலும் எரிக்க விறகு இல்லை. யான்ச்சி அளவீட்டைச் செய்தவர்கள் பின்னடைவுக்கு உயிரியல் காரணமே முக்கியம் என்றார்கள். ஒரே வெப்பநிலையில் காலையில் ஒரு அளவும் மாலையில் வேறொரு அளவும் கிடைப்பதால், வெப்பநிலையைக் கிடைக்கோட்டிலும் சுவாசத்தைச் செங்குத்திலும் வரைந்தால் கோடு வராது, வளையம் வரும். ‘காலை 9 முதல் 11 வரை அளந்தால் நாள் சராசரி கிடைத்துவிடும்’ என்று வேறு நிலங்களில் சொல்லப்படும் சுருக்குவழி இங்கே எடுபடாததும் அதனால்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது, ஒரு முழு நாள் அளந்து பார்த்தபிறகே எந்த மணி சராசரியைத் தரும் என்று சொல்ல முடியும். மண் காய்ந்ததும் அந்த மணியும் மாறும்.

மழை விழுந்த முதல் மணி நேரம் தனிக் கதை. காய்ந்த மண் நனைந்ததும் கரியமில வாயு திடீரென்று பொங்கி வரும். கென்யாவில் பணிபுரிந்த ஹெச். எஃப். பர்ச் 1958இல் இதைப் பற்றி விரிவாக எழுதியதால் பர்ச் விளைவு என்ற பெயர். அடுத்தடுத்து மூன்று வேலைகள் நடக்கின்றன. முதல் சில நிமிடங்களில், மண் இடுக்குகளில் அடைந்திருந்த வாயுவைத் தண்ணீர் வெளியே தள்ளுகிறது. இது வெறும் இடப்பெயர்ச்சி. அடுத்த சில மணிகளில் நுண்ணுயிர்கள் விழித்துக்கொள்கின்றன: வறட்சியில் செத்தவற்றின் உடலும், பிழைத்தவை வறட்சியைத் தாங்க உடலுக்குள் சேர்த்துவைத்திருந்த கரைபொருள்களும் தீனியாகின்றன. முதல் மழைக்கு வரும் மண்வாசனையும் ஆக்டினோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்க் கூட்டத்தின் சரக்குதான். மூன்றாவது, சில நாட்கள் கழித்து, வேரும் இலையும் வளரத் தொடங்கியதும் வரும் செடியின் சுவாசம். இது மெதுவாக ஏறும், மழை போதுமான அளவு பெய்திருந்தால் மட்டும். சின்னத் தூறலில் முதல் இரண்டும் நடந்து மூன்றாவது நடக்காமல் போகும். அதாவது நிலம் வாயுவை இழக்கும், திரும்ப எடுக்காது. வாரத்துக்கு ஒருமுறை போய் அளப்பவர் இந்தப் பொங்கலைத் தவறவிடுவார், அல்லது தற்செயலாக அதன்மேல் போய் நின்று அதையே வாரச் சராசரி ஆக்கிவிடுவார். எது மோசம் என்று சொல்வது கடினம்.

அளக்கும் வேலை இப்படி. 20 செ.மீ. உள்விட்டமுள்ள பிவிசி குழாயில் 10 செ.மீ. உயரத்துக்குத் துண்டு அறுத்து, ஒரு விளிம்பைச் சாய்வாகச் சீவி, மண்ணுக்குள் செருக வேண்டும். இதுதான் காலர். 3 முதல் 5 செ.மீ. ஆழம் போதும். இன்னும் ஆழமாக அடித்தால் மேலோட்டமான வேர்கள் அறுபடும், 1 செ.மீ.யோடு நிறுத்தினால் தளர்ந்த மணல் வழியே வாயு பக்கவாட்டில் கசியும். உள்ளே பச்சைச் செடி இருந்தால் தரையோடு வெட்ட வேண்டும், ஆனால் உதிர்ந்த சருகைப் பொறுக்கக் கூடாது; அதுவும் மண்ணின் சுவாசத்தில் சேர்த்தி. செருகிய அன்றே அளக்காதீர்கள். கலைந்த மண்ணும் அறுந்த வேரும் சில நாட்களுக்குப் பொய் சொல்லும், ஒரு வாரம் விடுவது நல்லது. மேலோடு படர்ந்த இடத்தில் காலரைச் சுழற்றி இறக்கினால் ஓடு நொறுங்கிவிடும். முதலில் மெல்லிய கத்தியால் வட்டமாகக் கீறிவிட்டு, தண்ணீர் ஊற்றாமல், நேராக அழுத்த வேண்டும்.

காலர்மேல் ஒளி புகாத, வெள்ளை பூசிய மூடியை வைத்து, உள்ளே வாயுச் செறிவு ஏறும் வேகத்தைப் பார்க்கிறோம். கணக்கு: ஏறும் வேகத்தை, காற்றின் மோல் அடர்த்தியால் பெருக்கி, சேம்பரின் கனஅளவைப் பரப்பால் வகுத்த எண்ணாலும் பெருக்க வேண்டும். மண்ணுக்கு மேலே மொத்த உயரம் 15 செ.மீ. என்றால் கடைசி எண் 0.15 மீட்டர். 120 விநாடியில் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) 444 ஆனால் வேகம் விநாடிக்கு 0.2 பிபிஎம். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 84.5 கிலோபாஸ்கல், 25 பாகையில் ஒரு கன மீட்டரில் 34.1 மோல் காற்று. பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு விநாடிக்கு 1.02 மைக்ரோமோல். நாள் முழுக்க இதே வேகம் என்று வைத்தால் ஏறத்தாழ 1.06 கிராம் கார்பன். அழுத்தத்தைக் கவனிக்காமல் கடல்மட்ட எண்ணான 40.9ஐப் போட்டால் விடை 1.23 ஆகிவிடும், உட்கார்ந்த இடத்திலேயே 20 விழுக்காடு பிழை.

மணல் நிலத்துக்கே உரிய இன்னொரு பிழை: காற்று. ஒரு இரவுக் காற்றில் காலருக்குள் மணல் ஒரு செ.மீ. ஏறலாம், இறங்கலாம். 15 என்று எழுதிவைத்த உயரம் உண்மையில் 16 ஆனால் விடை 6 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தப்பாகும். ஒவ்வொரு முறையும் காலரின் உள்ளே நான்கு இடத்தில் அளவுகோலை வைத்துச் சராசரி எடுப்பது அரை நிமிட வேலை. அதைச் செய்யாமல் மூன்றாவது தசம இடம் வரை விடை எழுதுவது வேடிக்கை.

காய்ந்த நாட்களில் வேகம் விநாடிக்கு 0.03 பிபிஎம் அளவுக்கு இறங்கிவிடும். ஐந்து நிமிடம் மூடிவைத்தாலும் 9 பிபிஎம்தான் ஏறும். எஸ்சிடி30 போன்ற சின்ன அகச்சிவப்பு உணரிகளின் மறுநிகழ்திறனே (அதே காற்றை மறுபடி அளந்தால் எண் எவ்வளவு மாறும் என்பதே) கூட்டியோ குறைத்தோ 10 பிபிஎம். மழைக்குப் பிந்தைய பொங்கலை அதை வைத்து அழகாகப் பிடிக்கலாம், விலைக்கு நல்ல கருவி. வறண்ட நாளின் சுவாசத்தைப் பிடிக்க முடியாது. சேம்பரின் உயரத்தை 15இலிருந்து 5 செ.மீ.யாகக் குறைத்தால் ஏறும் வேகம் மூன்று மடங்காகும். அதற்கும் ஒரு விலை உண்டு: உள்ளே செறிவு சீக்கிரம் ஏறினால் மண்ணிலிருந்து வெளிவரும் வேகமே மட்டுப்படும், கோடு வளையத் தொடங்கும். அப்போது மொத்தத்துக்கும் நேர்கோடு பொருத்தாமல், வளைகோடு பொருத்தி மூடிய கணத்துச் சரிவை எடுக்க வேண்டும். 

நீராவியை மறக்காதீர்கள். விடியற்காலையில் மணல்மேல் பனியீரம் இருக்கும்போது மூடினால், இரண்டு நிமிடத்தில் நீராவி ஆயிரத்துக்கு 15இலிருந்து 20 ஆவது சாதாரணம். அந்த ஐந்து, மற்ற வாயுக்களையெல்லாம் அரை விழுக்காடு நீர்க்கச் செய்யும்; 420 பிபிஎம்மில் அது 2 பிபிஎம் குறைவு. மண்ணிலிருந்து வந்ததே 3.6 பிபிஎம் என்றால் பாதிக்கு மேல் காணாமல் போகும். ஈரப்பத உணரியும் உள்ளே இருக்க வேண்டும், கணக்கை உலர்காற்றுக்கு மாற்றிய பிறகே சரிவு எடுக்க வேண்டும்.

மண் ஈர உணரிகளின் நிலைமையும் இதேதான். பல மின்தேக்க உணரிகள் தொழிற்சாலை அளவுத்திருத்தத்தில் 0.03 வரை தவறலாம் என்று அவற்றின் கையேடே சொல்லும். நாம் தேடும் எல்லை 0.08. காய்ந்த மணல் உணரியின் கம்பியோடு சரியாக ஒட்டாமல் இடைவெளி விழுந்தால் இன்னும் குறைத்துக் காட்டும். பக்கத்து மண்ணை எடுத்து எடை போட்டு, 105 பாகையில் 24 மணி நேரம் உலர்த்தி, மறுபடி எடை போட்டு, எடை ஈரத்தை மண்ணின் அடர்த்தியால் பெருக்கி ஒப்பிடுங்கள். அடர்த்தி 1.5 ஆன மணலில் 5 விழுக்காடு எடை ஈரம் என்றால் கன அளவில் 0.075.

காலர்களை எங்கே வைப்பது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். பாலைப் புதரின் அடி ஒரு தனித் தீவு: சருகு, பறந்துவந்த நுண்மண், வேர், நிழல், தண்டு வழி வந்த நீர் எல்லாம் அங்கேதான். நியூ மெக்சிகோவின் ஹொர்னாடா பாலையில் நடந்த வேலையை வைத்து 1990இல் சூழலியலாளர் ஷ்லெசிங்கரும் உடனிருந்தவர்களும் இந்த வளத்தீவுகளைப் பற்றி எழுதினார்கள். உதாரணத்துக்கு, புதர் அடியில் 1.2, வெற்றிடத்தில் 0.5 என்று வந்தால், பாதிப் பாதிக் காலர் வைத்தவர் சராசரி 0.85 என்பார். புதர் மூடிய நிலம் 30 விழுக்காடுதான் என்றால் சரியான விடை 0.71. முதலில் 50 மீட்டர் நாடாவைப் பிடித்து, எத்தனை மீட்டர் புதர், எத்தனை மீட்டர் வெற்றிடம் என்று எண்ணிவிட்டுக் காலர் அடியுங்கள்.

செடியின் பங்கைப் பிரிப்பது தொல்லை பிடித்த வேலை. முழுப் புதரையும் 60 செ.மீ. கனசதுர அக்ரிலிக் பெட்டியால் மூடி, வெளிச்சத்தில் ஒருமுறை, கறுப்புத் துணி போர்த்தி ஒருமுறை அளக்கலாம். வெயிலில் பெட்டிக்குள் சூடு மளமளவென்று ஏறும், 90 விநாடியைத் தாண்ட விடாதீர்கள். உள்ளே விசிறி கட்டாயம். வரும் எண்ணில் மண்ணின் பங்கும் இருக்கிறது, பக்கத்துக் காலரின் அளவைக் கழிக்க வேண்டும். இரவில் இலை விடும் மூச்சை வைத்துப் பகலுக்கும் கணக்குப் போடுவது பரவலான வழக்கம். ஆனால் வெளிச்சத்தில் இலையின் சுவாசம் ஓரளவு அடங்கும். அந்தக் கணக்கு கூடுதலாகவே வரும்.

வேரை மண்ணிலிருந்து பிரிக்க அகழி வெட்டுவார்கள்: ஒரு துண்டு நிலத்தைச் சுற்றித் தோண்டி, வேர்களை அறுத்து, பிளாஸ்டிக் தாள் இறக்கி மூடுவது. அறுந்த வேர்கள் அழுகும் மாதங்களில் வரும் வாயுவை நுண்ணுயிர்க் கணக்கில் எழுதுவது எல்லோரும் அறிந்த பிழை. பாலையில் அதைவிடப் பெரியது வேறு: உறிஞ்ச வேர் இல்லாததால் அகழிக்குள் மண் ஈரமாகவே இருக்கும். ஈரமே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் நிலத்தில், நாமே ஒரு ஈரத்தீவை உண்டாக்கிவிட்டு அதை ‘வேர் இல்லாத மண்’ என்று அளக்கிறோம். உள்ளேயும் வெளியேயும் ஈர உணரி வைத்துத் திருத்தாத அகழிக் கணக்கை நம்புவதற்கில்லை. 

கடைசியாக, இரவில் பாலை மண் கரியமில வாயுவை உள்ளே இழுக்கிறதா என்ற பழைய சண்டை. சீனாவின் சிஞ்சியாங் பகுதியில் உள்ள குர்பன்துங்குட் பாலையில் கார மண் இரவில் வாயுவை உறிஞ்சுவதாக அளவீடுகள் வந்தன. அமெரிக்காவின் மொஹாவி பாலை ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு சுமார் 100 கிராம் கார்பன் சேர்ப்பதாக 2005இலும் 2008இலும் எழுதினார்கள். உறிஞ்சுவது வேதியியலுக்கு ஒவ்வாததல்ல: மண் குளிர்ந்ததும் அதன் நீரில் வாயு கூடுதலாகக் கரையும், சுண்ணாம்போடு சேர்ந்து பைகார்பனேட் ஆகும். காலையில் சூடு ஏறியதும் அதே வழியில் திரும்பி வரும். சிக்கல் அது ஆண்டுக்கணக்கில் தங்குகிறது என்பதில். 100 கிராம் கார்பனைக் கால்சியம் கார்பனேட்டாக்க வேண்டுமென்றால் 830 கிராம் சுண்ணாம்பு உருவாக வேண்டும். அதற்குச் சுண்ணாம்பிலிருந்து வராத கால்சியம் 330 கிராம் வேண்டும், ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு ஆண்டும். பத்து ஆண்டில் எட்டு கிலோ சுண்ணாம்பு மண்வெட்டியில் தட்டுப்பட வேண்டாமா? புதருக்குள் போயிருந்தால் பத்து ஆண்டில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ கார்பன் கூடியிருக்கும். மொஹாவியில் இலை, தண்டு எல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு தேறாது. ஷ்லெசிங்கர் 2009இல் எழுப்பிய சந்தேகமும் இந்தப் பக்கம்தான்: அவ்வளவு கார்பன் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது?

இரவில் உங்கள் சேம்பரும் எதிர்மறை எண்ணைக் காட்டினால் மண்ணைச் சந்தேகப்படும் முன் ஒரு வேலை செய்யுங்கள். துடைத்த உலோகத் தட்டு ஒன்றைப் பக்கத்தில் சமமாக வைத்து, ரப்பர் வளையத்தோடு சேம்பரை அதன்மேல் கவிழ்த்து, அதே ஐந்து நிமிடம், அதே குளிரில் அளங்கள். அங்கே எண் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். தட்டின்மேலும் அதே எதிர்மறை வந்தால், குளிரக் குளிர உணரி நகர்ந்துகொண்டிருக்கிறது அல்லது சேம்பரின் சுவரில் பனி படிந்து வாயுவைக் குடிக்கிறது. அன்றைய இரவின் எண்களிலிருந்து தட்டின் எண்ணைக் கழித்த பிறகு என்ன மிஞ்சுகிறதோ, அதுதான் மணலுடையது.